மோட்டார் வராத பாதை

"பிரான்சு நாட்டுக்குப் போய் வந்தீர்களே சாமி, லூர்து நகரைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று நம் பங்கு மக்கள் கேட்டவண்ணம் இருக்கின்றனர். லூர்து நகரைப் பற்றி எழுதியோர் பலர். நம்மினும் நன்றாக எழுதியோர். ஆகவே, நாம் கண்ட வேறொன்றைப் பற்றி வாசகர்களோடு பேச விழைகிறோம். அது ஒரு பாதை. மிதிவண்டிகள் செல்லும் பாதை. அதைப் பற்றிக் கூறுமுன், ஆறு ஆண்டுகளாக நாம் எவரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

குருப்பட்டம் பெற்ற நாள் முதல் நமக்கு மிதிவண்டியே வாகனம். கிளைக் கிராமங்களுக்கு அதிலேயே சென்றோம். நோயாளிகளைச் சந்திக்கவும் அதிலேயே சென்றோம். நம் பங்கில் பத்தாம் வகுப்பு படிக்கும் பீடச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் வீடு நெடுஞ்சாலை வழியே 3 கிலோமீட்டர் தொலைவு. காலை ஐந்தரை மணிப் பூசைக்கு உதவ ஆளில்லாததால், ஒரு சனிக்கிழமை மாலை அவனை அழைத்து, "நாளை நீ வந்துவிடு தம்பி" என்றோம். "சரி சாமி" என்றான். மறுநாள் அவன் வரவில்லை. மறையுரை முடியும் வேளையில் கோயிற்பிள்ளை நம் அருகே வந்து செய்தியைச் சொன்னார். விடியாத இருளில், பின்னால் வந்த லாரி ஒன்று அவன் மிதிவண்டியை மோதிவிட்டது.

அவனை அடக்கம் செய்தவர்கள் நாமே. அவன் அன்னை நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அந்த மௌனமே நமக்குப் பெருஞ்சுமையாயிற்று. அன்று முதல் நாம் மிதிவண்டியைத் தொடவில்லை. அவ்வீட்டுப் பக்கம் போகவும் கால் எழவில்லை.

சென்ற கோடையில், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் விடுப்பில் சென்ற பங்குக் குரு ஒருவருக்குப் பதிலாக ஒரு மாதம் பணியாற்றும் வாய்ப்பு வந்தது. ஆலயத்தின் திறவுகோல்களை வைத்திருந்தவர் எழுபதைக் கடந்த முதியவர். ஒரு நாள் அவர், "தந்தையே, நாளை மிதிவண்டியில் க்ளூனிக்குச் செல்வோம்" என்றார். நாம் மறுத்தோம். முழங்கால் வலி என்றோம். பழக்கம் விட்டுப்போயிற்று என்றோம். அவர் விடவில்லை. கடைசியில், "சாலை எமக்கு அச்சம், ஐயா" என்று உண்மையையே கூறிவிட்டோம். அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்திருந்துவிட்டு, "அது சாலையன்று, தந்தையே. அங்கே மோட்டார் வருவதில்லை" என்றார்.

அவர் சொன்னது மெய். ஷாலோன் நகரிலிருந்து க்ளூனி வழியாக மாக்கோன் வரை ஒருகாலத்தில் ஓர் இருப்புப் பாதை இருந்தது. பேருந்தும் காரும் பெருகப் பெருக, புகைவண்டியில் செல்வோர் குறைந்தனர்; பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் அகன்ற அந்த இடத்தை முட்புதர்களுக்கு விட்டுவிடாமல், தார் இட்டுச் செப்பனிட்டு, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரியதாக்கினர். ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 1997-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 'பசுமை வழி' என்று பிரெஞ்சு மக்கள் அழைக்கும் பாதைகளுள் இதுவே அந்நாட்டில் முதலாவது என்பர். 2004-ஆம் ஆண்டு இவ்வகைப் பாதைகளுக்குச் சாலை விதிகளிலேயே தனியிடம் அளித்தனர். நடப்போர், மிதிவண்டியில் செல்வோர், குதிரை மீது செல்வோர் ஆகிய மூவரின் உருவம் பொறித்த நீல நிறப் பலகை ஒன்று நுழைவிடத்தில் நிற்கும். மோட்டார் வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை.

மறுநாள் காலை, சேன் ஜாங்கூ என்ற பழைய ஊரிலிருந்து, பாதையின் பிற்பாதியை மட்டும் கடப்பதெனப் புறப்பட்டோம். முதல் அரை மணி நேரம் நாம் ஒன்றையும் பார்க்கவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றி, பின்னால் ஏதேனும் ஓசை கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே மிதித்தோம். ஒரு முறை பின்னால் மணியோசை கேட்டது. உடல் நடுங்க ஓரமாக ஒதுங்கினோம். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, 'போன்ழூர்' என்று வணக்கம் கூறியவாறு நம்மைக் கடந்து சென்றாள். அவள் தாய் மிகவும் பின்தங்கி, எவ்விதக் கவலையுமின்றி வந்துகொண்டிருந்தாள். தன் பிள்ளை கண்ணுக்கெட்டாத தொலைவில் மிதிவண்டியில் செல்வதைக் கண்டு அஞ்சாத ஒரு தாயை அன்றுதான் பார்த்தோம்.

அதன் பின்னரே நம் தலை நிமிர்ந்தது. இருபுறமும் மரங்கள் நிழல் செய்தன. வேலிக்கு அப்பால் சாரோலே இனத்து வெண்ணிற மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. குரோன் என்னும் சிற்றாறு அருகே வருவதும் விலகுவதுமாக இருந்தது. குன்றுகள் சூழ்ந்த நாடாயினும் பாதையில் ஏற்றம் தெரியவில்லை. புகைவண்டி செங்குத்தாக ஏற இயலாது. ஆதலால், அன்று மண்ணை வெட்டியும் நிரப்பியும் பாதையைச் சீராக்கினர். அன்று எஞ்சினுக்காகச் செய்த அவ்வேலை இன்று முதியவர்களின் முழங்கால்களுக்கு உதவுகிறது. பழைய நிலையக் கட்டடங்களும், கேட் காப்போரின் சிறு வீடுகளும் ஆங்காங்கே நிற்கின்றன. அத்தகைய வீடொன்றின் முன் முதியவர் இறங்கினார்.

"என் தந்தை இப்படிப்பட்ட வீட்டில்தான் கேட் காத்தார். புகைவண்டி நின்றபோது, இனி இப்பாதையில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அழுதார். இந்தக் கூட்டத்தைப் பார்க்க அவர் இல்லை" என்றார். பிறகு, நாம் கேளாமலே, "சாலை உங்களுக்கு ஏன் அச்சம்?" என்றார். அறிமுகமற்ற நாட்டில், அரைகுறைப் பிரெஞ்சு மொழியில், நாம் எல்லாவற்றையும் சொன்னோம். ஆறுதல் எதுவும் கூறாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிவில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "அந்தத் தாயிடம் இதைச் சொன்னீர்களா?" நம்மிடம் விடையில்லை.

கோர்மத்தேன் ஊரின் அகழி சூழ்ந்த மாளிகையைக் கடந்ததும், குன்றின் மேல் தெய்சே கிராமம் அமைந்துள்ளது. 1940-இல் சகோதரர் ரோஜர் அங்கு வந்து, போரினால் துரத்தப்பட்டோருக்குப் புகலிடம் அளித்தார். பிரிந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்கும் துறவுக் குழுமம் அங்கு வளர்ந்தது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதைச் சந்தித்தார். கோடையில் வாரந்தோறும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து செல்கின்றனர். அன்று நாம் குன்றேறவில்லை. மணியோசையைக் கீழிருந்தே கேட்டுக் கடந்தோம்.

பிற்பகலில் க்ளூனி வந்தடைந்தோம். 910-இல் நிறுவப்பட்ட அத்துறவு மடத்தின் வரலாற்றைக் குருமடத்தில் படித்திருந்தோம். 187 மீட்டர் நீளம் கொண்ட அதன் ஆலயத்தினும் பெரியது, உரோமையில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதை விற்று, கல் கல்லாகப் பெயர்த்தனர். குறுக்கு மண்டபம் ஒன்றின் பகுதியும் எண்கோணக் கோபுரமும் மட்டுமே அதன் பெருமைக்குச் சாட்சியாக நிற்கின்றன. ஆயினும் க்ளூனி தந்த ஒன்றை எவராலும் இடிக்க முடியவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் மரித்தோர் அனைவரையும் நினைந்து செபிக்கும் வழக்கத்தைத் தம் மடங்களில் ஏற்படுத்தியவர், இம்மடத்தின் தலைவராயிருந்த புனித ஓடிலோ. அவ்வழக்கமே திருச்சபை எங்கும் பரவிற்று. ஆண்டுதோறும் நாம் கல்லறைகளை மந்திரிக்கும்போது அச்சிறுவனின் கல்லறையை விரைந்து கடந்ததுண்டு. அன்று அந்தச் சிதைந்த சுவர்களின் அடியில் நின்று, ஆறு ஆண்டுகளில் முதல் முறையாக, விரையாமல் அவனுக்காகச் செபித்தோம்.

க்ளூனியோடு பாதை முடியவில்லை. தெற்கே 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள புவா கிளேர் என்னும் பழைய புகைவண்டிச் சுரங்கம் வழியாக அது மாக்கோன் நோக்கிச் செல்கிறது. குளிர்காலத்தில் அச்சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். உறங்கும் வௌவால்களைத் தொந்தரவு செய்யலாகாது என்பதே காரணமாம். வௌவாலின் உறக்கத்தைக் காக்கவும் ஒரு பாதையை மூட முடியுமானால், பள்ளிப் பிள்ளையின் உயிரைக் காக்கச் சாலையோரம் நான்கடி இடம் ஒதுக்க இயலாதா என்று எண்ணியவாறு திரும்பினோம்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள், அத்தாயின் வீட்டுக்குச் சென்றோம். மிதிவண்டியில்தான் சென்றோம். "அன்று அவனை வரச் சொன்னது நான்தான், அம்மா" என்றோம். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "தெரியும் சாமி. இரவே சொல்லிவிட்டுத்தான் படுத்தான். நீங்கள் இந்தப் பக்கமே வராததுதான் எனக்கு வருத்தம்" என்றார். உள்ளே அவனுடைய படத்தின் முன் அமர்ந்து, இருவரும் செபமாலை சொன்னோம்.

நம் பங்கில் இப்போது விடியுமுன் எந்தப் பிள்ளையையும் நெடுஞ்சாலை வழியே நாம் அழைப்பதில்லை. வார நாள் பூசை ஆறரை மணிக்கே. வாசகர்களுள் வண்டி ஓட்டுவோர் பலர் இருப்பீர்கள். முன்னே மிதிவண்டி தெரிந்தால் சற்றே வேகத்தைக் குறையுங்கள்; ஒரு கை அகலம் கூடுதலாக விலகிச் செல்லுங்கள். மோட்டார் வராத பாதை நமக்கு வாய்க்கும் நாள் வரும்வரை, இருக்கும் சாலையையேனும் பிள்ளைகளுக்கும் உரியதாக்குவோம்.