பதினெட்டுப் பேருக்கு ஒரு வண்டி

அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளை நிறத்தில் நீண்ட ஊர்தி ஒன்று. உள்ளே இரண்டு கட்டில்கள், மடக்கு மேசை, சிறு அடுப்பு, மூலையில் கதவு வைத்த கழிப்பறை. ‘சித்தப்பா, நாம எல்லாரும் சேர்ந்து ஒண்ணு வாங்கினா என்ன?’ என்று கேட்டிருந்தான்.

நாம் எல்லாரும் என்றால் பதினெட்டுப் பேர். அம்மா, உடன்பிறந்தோர் நால்வர், எங்கள் துணைகள், பிள்ளைகள் எழுவர், படம் அனுப்பியவனின் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. ஆண்டுக்கு ஒருமுறை அத்தனை பேரும் ஒரே வண்டியில் எங்காவது போய்வருவது அப்பா ஏற்படுத்திய வழக்கம். அவர் மறைந்த பின்பும் அது நிற்கவில்லை.

போக வேண்டிய இடம் முன்பே முடிவாகியிருந்தது. அறுபடை வீடுகளில் ஐந்தை அம்மா பார்த்துவிட்டார். பழனி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் மதுரையை ஒட்டியவை. திருச்செந்தூரும் சுவாமிமலையும் அப்பா அழைத்துப் போனவை. எஞ்சியது திருத்தணி. திண்டுக்கல்லிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்கால்கள் மடங்க மறுக்கின்றன. மலைமேல் வரை வண்டி போகும், படியேற வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ‘பாக்கலாம்ப்பா’ என்பதே மூன்று ஆண்டுகளாக அவருடைய பதில். வயதின் தயக்கம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. (தமிழாசிரியனுக்கு வேறென்ன வரும் என்று வீட்டில் சிரித்தார்கள்.) கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அப்பாட்டில், உப்பு விற்கச் செல்லும் உமணரின் வண்டிகள் வருகின்றன. மேலே கூரை வேய்ந்திருக்கிறார்கள். கோழி அடைவதற்கு வண்டியிலேயே கூடு இருக்கிறது. பெண் யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. முன்புறத்தில் காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. குழந்தையை உடையவளான பெண் எருதுகளை ஓட்ட, வேப்பிலைக் கண்ணி அணிந்த வலிய ஆடவர் பக்கத்தில் காவலாக நடக்கிறார்கள். கூரை, சமையற்கட்டு, கோழிக்கூடு எல்லாம் சக்கரத்தின்மேல்! அதோடு புறநானூற்றின் 102ஆம் பாடலையும் சேர்த்துக்கொள்ளலாம். மேடு வருமோ பள்ளம் வருமோ என்று உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதை ஔவையார் அதில் சொல்கிறார். அதற்கு அவர் தரும் பெயர் ‘சேம அச்சு’. நாம் ஸ்டெப்னி என்கிறோம்.

ஆக வீட்டு வண்டி நமக்குப் புதிதல்ல என்று குடும்பக் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். அண்ணன் கட்டைவிரல் காட்டினார். மற்றவர்கள் படித்தார்களா என்று தெரியவில்லை.

எங்களுடைய பழைய பயணங்களும் ஏறக்குறைய உமணர் பயணங்கள்தாம். எண்பதுகளின் இறுதியில் அப்பா மெட்டடார் வேன் பிடிப்பார். பின்னால் ஸ்டவ், மண்ணெண்ணெய்க் கேன், புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் குடம், சுருட்டிய ஜமக்காளம். பதினொரு மணிக்குச் சாலையோரப் புளியமரம் ஒன்றின் கீழ் வண்டி நிற்கும். மதினிமாரும் அத்தைமாரும் சேர்ந்து குழம்பு கூட்டுவார்கள். இரவில் சத்திரமோ கோயில் மண்டபமோ கிடைக்கும். நான்குவழிச் சாலைகள் வந்தபோது அந்தப் புளியமரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. இன்று திருச்சி சாலையில் இரும்புத் தடுப்புக்கு அப்பால் இறங்கிச் சோறு பொங்குவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. மரங்கள் நிழலுக்கு மட்டும் பயன்பட்டவை என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் கரூருக்குப் போனோம். பேருந்துகளுக்குக் கூடு கட்டுவதில் பெயர்பெற்ற ஊர். எங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவு. பட்டறையில் எலும்புக்கூடாக நின்ற பேருந்துகளுக்கு நடுவே வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. கேரவன் என்றதும் அங்கிருந்த மேற்பார்வையாளர், ‘சினிமாவுக்குங்களா?’ என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டிக்கே நம்மூரில் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து, வண்டிகள் தங்கும் பூங்காக்களையும் அதில் சேர்த்தது. நமக்கு அது இன்னும் படப்பிடிப்புச் சொல்தான்.

குடும்பத்துக்கு என்று விளக்கினோம்.

‘எத்தனை பேரு உக்காரோணும்? எத்தனை பேரு படுக்கோணும்?’

பதினெட்டு என்றார் அண்ணன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். டிராவலர் அளவுள்ள வண்டியில் நான்கு பேர் படுக்கலாம். நெருக்கிப் போட்டால் ஆறு. ஓடும்போது கட்டிலில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்க முடியாது, பெல்ட் போட்ட இருக்கைதான் கணக்கு. பெரிய பேருந்தே வாங்கினாலும் கட்டிலும் சமையலும் கழிப்பறையும் வைத்தபின் பதினெட்டு இருக்கை வராது. ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்றால் நூற்றெண்பது லிட்டர். அதாவது நூற்றெண்பது கிலோ. மூன்று நாளைக்கு என்றால் அதை மூன்றால் பெருக்க வேண்டும், அல்லது போகிற ஊரிலெல்லாம் குழாய் தேட வேண்டும். பழைய வண்டியை வாங்கி நாமாக மாற்றிக்கொள்ளவும் இயலாது. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மூன்று வண்டிகளாக வாங்கினால் எல்லாரும் படுக்கலாம். ஆனால் எல்லாரும் ஒரு வண்டியில் போவதற்காகத்தானே இந்த யோசனையே!

கிளம்பும்போது அவர் இன்னொன்று கேட்டார். ‘கக்கூஸ் வெச்சுத் தர்றது பெரிய வேலையில்லைங்க. டேங்க் நெறைஞ்சா யாருங்க கழுவுறது? டிரைவர்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. ஒருத்தனும் நிக்க மாட்டான்.’

திரும்பும் வழியில் வேடசந்தூர் வரை இருவரும் பேசவில்லை. உண்மையில் நாங்கள் ஓட்டுநர் என்றுதான் நினைத்திருந்தோம்.

அன்றிரவு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது அண்ணன் முடிவைச் சொன்னார். வாங்குவது சரிப்படாது, வழக்கம்போல வேன் பிடிப்போம், கழிப்பறை ஒரு பெரிய விஷயமில்லை, இத்தனை ஆண்டுகள் அது இல்லாமல்தானே போய்வந்தோம். நானும் தலையசைத்தேன். அப்போதுதான் தங்கை பேசினாள்.

‘போய்வந்தது நீங்க. அம்மா எப்படிப் போய்வந்தாங்கன்னு தெரியுமா? கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரியோட தண்ணி குடிக்கிறத நிறுத்திருவாங்க. திருச்செந்தூர் போயிட்டு வந்து நாலு நாள் காய்ச்சல்ல கிடந்தாங்களே, வெயில்னு சொன்னீங்க. வெயிலில்ல, நீர்க்கடுப்பு. மதினிக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.’

புளியமரத்தையும் அவள்தான் சொன்னாள். மரத்தின் பின்னால், அதற்கப்பால் இருந்த புதரின் மறைவில், இரண்டு பெண்கள் சேலையை விரித்துப் பிடிக்க மூன்றாமவள் போவாள். சாலை அகலமானபோது அந்த மறைவும் போயிற்று. இப்போது சுங்கச்சாவடியிலும் பெட்ரோல் நிலையத்திலும் கழிப்பறைகள் இருக்கின்றன என்றேன். ‘இருக்கு. முழங்கால் மடங்காதவங்க அதுல எத்தனைல உக்கார முடியும்?’ என்றாள். அம்மா இதையெல்லாம் கேட்டபடி அடுக்களை வாசலில் நின்றிருந்தார். அவர் எதையும் மறுக்கவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கேட்ட ‘பாக்கலாம்ப்பா’வின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இருபது ஆண்டுகளாக உமணர் வண்டியை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். உரலைச் சொல்லியிருக்கிறேன், கோழிக்கூட்டைச் சொல்லியிருக்கிறேன், உவமை நயத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். குழந்தையோடு அந்த நெடுவழியில் எருதுகளை ஓட்டிப்போனவள் எங்கே ஒதுங்கினாள் என்று நானும் கேட்டதில்லை, பெண்கள் நிறைந்த வகுப்பில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர்களுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

மறுநாள் பேச்சு வேறு திசையில் நடந்தது. எந்த வண்டி என்பது அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. இருபத்தாறு இருக்கை கொண்ட வாடகை டிராவலர். எட்டு இருக்கை காலியாக இருக்கும், அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம். இரவுக்கு வழியில் விடுதி. நகரில் மருத்துவ உபகரணம் விற்கும் கடையில் மடக்குக் கமோடு நாற்காலி கிடைத்தது. அடியில் மூடியோடு கூடிய வாளி, கழற்றிக் கழுவலாம். மறைவுக்கு, விரித்தால் நிமிரும் ஓராள் கூடாரம் ஒன்றை அண்ணன் மகன் வரவழைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். நல்ல கழிப்பறை உள்ள இடமென்றால் அது, இல்லையென்றால் கூடாரம்.

வாளியை யார் கழுவுவது என்பதுதான் நீண்டது. ‘நானே கழுவிக்குவேன்டா’ என்றார் அம்மா. மதினி தான் செய்வதாகச் சொன்னார், தங்கையும் சொன்னாள். ஆண்கள் நாங்கள் எல்லாரும் அந்த நேரத்தில் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகள் ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினாள். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அத்தைவீட்டு மாமா, அப்புறம் அண்ணன்மார். பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். அறுபது வயதாகப் போகிறது அவருக்கு. தம் வீட்டுக் கழிப்பறையைக்கூட அவர் கழுவி நான் பார்த்ததில்லை. ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். ‘கையுறை வாங்கிரு’ என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பழனிக்கு ஒரு வெள்ளோட்டம் போனோம். அம்மா வழக்கம்போலத் தண்ணீர் குடிக்காமலே வண்டி ஏறியிருந்தார். தங்கை கேட்டதற்குத் தாகமில்லை என்றார். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திக் கூடாரத்தை விரித்தோம். அவர் இறங்கவில்லை. பழனியிலிருந்து திரும்பும்போது அதே மரத்தடியில் மறுபடியும் நிறுத்தினோம். இம்முறை தங்கையின் தோளைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். பிறகு அண்ணன் வாளியோடு பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையை நோக்கி நடந்தார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறியதும், பேத்தியிடம் பாட்டிலை வாங்கி நாலு மிடறு குடித்தார்.

திருத்தணிக்கு வைகாசியில் கிளம்புகிறோம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை யாருக்கு என்ற சண்டை இன்னும் தீரவில்லை.