கழுத்துப் பட்டையும் கைக்குழியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் ஆவணி, புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படும் மானாவாரிப் பருத்தி, தை, மாசியில் வெடித்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலம் போய், அரவை ஆலைகளையும் நூற்பாலைகளையும் தேடி வெளியூர் சென்றுவிடுகிறது. அது சட்டையாகத் திரும்பி வரும்போது எந்தக் காட்டில் விளைந்த பஞ்சு என்று எவராலும் சொல்ல இயலாது. பருத்தியை இத்தனை நெருக்கமாக அறிந்த மக்கள், அலுவலகத்துக்கு உடுத்தும் முழுக்கைச் சட்டையை வாங்கும்போது மட்டும் கழுத்தின் உட்புறம் தைத்திருக்கும் நிறுவன முத்திரையையே தரத்துக்குச் சான்றாகக் கொள்வது வருந்தத்தக்கது. 1995-இல் பெரம்பலூரும், ஒருமுறை அமைக்கப்பட்டுக் கலைக்கப்பட்டபின் 2007-இல் மீண்டும் அரியலூரும் தனி மாவட்டங்களானதைத் தொடர்ந்து, முன்பே இயங்கிவந்த சிமெண்ட் ஆலைகளின் அலுவலகங்களோடு ஆட்சியர் அலுவலகங்களும் வங்கிக் கிளைகளும் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்துகொண்டதால், இவ்வகைச் சட்டை இங்கே பலருக்கும் அன்றாட உடையாயிற்று. வளாக நேர்காணலுக்குச் செல்லும் மாணவர் ஒருவருக்கு அது குடும்பம் யோசித்துச் செலவிடும் பொருளும் ஆகும். ஆதலால் இதைத் தெரிந்து வாங்குவது சிறு காரியம் அன்று.

சட்டையை மதிப்பிடுவதில் பொருத்தம் முதலிலும், துணி அடுத்தும், தையல் அதற்கடுத்தும், முத்திரை கடைசியிலும் நிற்க வேண்டும். துணி சுமாராக இருந்தாலும் உடலுக்கு அமைந்த சட்டை உடுத்தியவரை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. எவ்வளவு உயர்ந்த துணியானாலும் தோள் வழிந்து தொங்கும் சட்டை இரவல் வாங்கியதைப் போலவே தோன்றுகிறது.

பொருத்தத்தில் நேரும் குழப்பம் எண்ணிலிருந்தே தொடங்குகிறது. ஆயத்தச் சட்டைகளில் காணப்படும் 38, 39, 40, 42, 44 என்னும் எண்கள், பல இந்திய நிறுவனங்களில் கழுத்துப் பட்டையின், அதாவது காலரின், சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிப்பவை. வாங்குவோரில் பலர் அவற்றை மார்பின் அங்குல அளவாக எடுத்துக்கொள்கின்றனர். நடுத்தர உடல்வாகு கொண்டவருக்கு இவ்விரண்டு எண்களும் தற்செயலாக அருகருகே அமைந்துவிடுவதால் பிழை வெளியே தெரிவதில்லை. ஆனால், இளமையில் காட்டுவேலை செய்து தோள் விரிந்து இடை ஒடுங்கியவருக்கும், பல ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து வயிறு முன்தள்ளியவருக்கும் ஒரே கழுத்தளவு இருக்கக்கூடும். அவ்விருவருக்கும் கடை நீட்டுவது ஒரே சட்டையைத்தான். ‘ஸ்லிம் ஃபிட்’, ‘ரெகுலர் ஃபிட்’ என்னும் பிரிவுகள் இடையின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓரளவு உதவுகின்றனவே அன்றித் தோளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இந்திய உடல்களுக்கென்றே அளவு வகுக்கும் நோக்கில், தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவிகளால் அளக்கும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை அறிவித்தபோது, நாட்டின் ஆறு நகரங்களைத் தேர்ந்துகொண்டது. முயற்சி பெரிது, வரவேற்கத்தக்கது. எனினும் இம்மாவட்டங்களின் வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ வளர்ந்த உடல் அந்த அளவுகோலில் எவ்வளவு இடம்பெறும் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

தோள் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் விழ வேண்டும் என்பதும், மேல் பட்டனைப் போட்டபின் கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும் என்பதும் பலரும் அறிந்தவை. அறியப்படாமல் கிடப்பது கைக்குழியின் அளவு. உடலோடு கையைப் பொருத்தித் தைக்கும் அந்த வளைவு பெரிதாக, கீழிறங்கி இருந்தால் கை தாராளமாக அசையும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. கைக்குழி அக்குளிலிருந்து வெகுவாகக் கீழிறங்கியிருக்கும்போது, கையை உயர்த்தினால் சட்டையின் பக்கவாட்டு முழுவதும் அதனுடன் மேலே இழுபட்டு, கால்சட்டைக்குள் செருகிய விளிம்பு வெளியே வந்துவிடுகிறது. குழி அக்குளை ஒட்டி உயர்ந்திருந்தால் கை மட்டுமே மேலெழும்; உடற்பகுதி தன் இடத்திலேயே நிற்கும். பலவகை உடல்களுக்கும் ஒரே வெட்டில் இடங்கொடுக்க வேண்டிய கட்டாயத்தால் ஆயத்தச் சட்டைகள் பெரும்பாலும் தாழ்ந்த கைக்குழியோடு வருகின்றன. கரும்பலகையில் எழுதும் ஆசிரியரும், பேருந்தின் மேற்கம்பியைப் பிடித்துத் திருச்சிக்கு நின்றபடியே செல்லும் ஊழியரும் நாள்தோறும் சட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதற்கு இதுவே முதற்காரணம். கடையில் சட்டையை அணிந்து பார்ப்பவர் கண்ணாடிமுன் அசையாமல் நிற்பதைவிட இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பார்ப்பதே சரியான சோதனையாகும்.

துணியைப் பொறுத்தவரை அடிப்படை அளவு நூலின் ‘கவுண்ட்’ எனப்படும் எண்ணாகும். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே அந்த நூலின் எண். எண் உயர உயர நூல் மெல்லியதாகும். மெல்லிய நூலுக்கு நீண்ட இழை வேண்டும். இன்று மானாவாரியில் விளையும் பி.டி. (Bt) கலப்பினப் பருத்தி பெரும்பாலும் 27.5 முதல் 32 மில்லிமீட்டர் வரையிலான நீள இழை வகையைச் சேர்ந்தது. நூறாம் எண்ணும் அதற்கு மேலும் நூற்க அதனினும் நீண்ட இழை தேவைப்படுகிறது. கரீபியத் தீவின் செயின்ட் வின்சென்ட் வகையையும் சுஜாதா என்னும் பருத்தி வகையையும் கலந்து 1974-இல் கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட சுவின் பருத்தி அத்தகையது. உலகின் மிகச் சிறந்த பருத்திகளுள் ஒன்று தமிழ்நாட்டில் உருவானது என்பது பெருமைக்குரியது. ஆயினும் எண் உயர்ந்த துணியே எல்லோருக்கும் ஏற்றது என்னும் கருத்து தவறானது. வாரம் இருமுறை கல்லில் துவைத்து வெயிலில் உலர்த்தும் வீட்டில், ஒற்றை இழையில் நெய்த மிக மெல்லிய துணி விரைவில் காலர் மடிப்பில் நைந்துபோகிறது. ஐம்பது அறுபதாம் எண் பருத்தித் துணி அதைவிட நெடுநாள் உழைக்கும். சுருக்கம் விழாத வகைத் துணிகளுக்குப் பிசின் ஏற்றப்படுவதால் அவற்றின் இழைவலு குறைகிறது. பாலியெஸ்டர் மிகுந்த துணியோ சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சாமல் உடலை வாட்டுகிறது.

இங்கே நீரையும் கணக்கிட வேண்டும். பழங்காலக் கடல் படிவித்த சுண்ணாம்புக்கல்லே அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்கு ஆதாரம். அத்தகைய பாறையில் ஊறிவரும் நிலத்தடி நீரில் கால்சியம் மிகுவதால், சோப்பு அதனோடு வினைபுரிந்து கரையாத படிவாகித் துணியில் தங்கிவிடுகிறது. புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டை சில மாதங்களில் மங்கினால், பழியைத் துணியின்மேல் சுமத்துமுன் கிணற்று நீரைச் சோதிப்பதே முறை. வெளிர்நீலமும் நுண்கோடுகளும் இந்நீருக்குத் தாக்குப்பிடிப்பவை.

தையலைப் பார்ப்பது எளிது: பக்கத் தையல் இரட்டையாக மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, காஜாவில் நூல் பிரிகிறதா, பையின் கட்டம் உடலின் கட்டத்தோடு சேர்கிறதா என்று நோக்கினால் போதும். காலரின் உள்ளே வைக்கப்படும் கேன்வாஸ் பசையால் ஒட்டப்பட்டதாயின், மட்டமான ஒட்டு சில சலவைகளிலேயே கொப்புளமாக எழும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், நல்ல பிட்டுத்துணியும் தேர்ந்த தையற்காரரும் சேர்ந்த சட்டையே பெரும்பாலோருக்கு மேலானது என்று துணிந்து கூறலாம். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பழைய சட்டை ஒன்றை ‘அளவு சட்டை’ என்று கொடுத்து அதன்படி தைக்கச் சொல்வது, அதிலிருந்த பிழையையும் சேர்த்தே தைக்கச் செய்வதாகும். உடலையே டேப் வைத்து அளக்கக் கேட்க வேண்டும். சுருங்காதபடி துணியை முன்கூட்டியே இறுக்கும் சான்ஃபரைஸ் முறைக்கு, ஏரோ சட்டைகளைத் தயாரித்த நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு க்ளூயட் 1930-இல் காப்புரிமை பெற்றார்; அவ்வாறு பதப்படுத்தாத பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்தாவிட்டால், சரியாக அளந்த கழுத்தும் முதல் சலவையில் இறுகிவிடும். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில் கொடுப்பதையும் தவிர்க்கலாம்.

அத்தகைய தையற்காரர்களை உருவாக்கவும் வழி உண்டு. தமிழ்நாடு அரசு வழங்கும் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தருவோர் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். நேர்த்தையலும் காஜாவும் அவர்கள் கைக்கு நன்கு பழகியவை. உயர்ந்த கைக்குழியை வெட்டுவதும் காலரில் கேன்வாஸை ஒட்டாமல் தைப்பதும் ஆகிய இரண்டு நுட்பங்களை அவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சி இவ்விரு மாவட்டங்களிலும் தொடங்கப்படுமாயின், சீருடைப் பருவம் முடிந்தபின் வரும் மாதங்களில் அவர்களுக்கு வேலையும், அலுவலகம் செல்வோருக்கு அளந்து தைத்த சட்டையும் ஒருங்கே கிடைக்கும்.