குற்றாலத்துக்கு வாட்டர் ஷூ

ஜூன் 11, புதன்

மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. மேலநீலிதநல்லூருக்கு வந்து சேர்வதென்னவோ வெறும் காற்றுதான். சாரல் தென்காசியோடு நின்றுவிடும். கல்லூரியில் எல்லார் வாயிலும் குற்றாலம். அடுத்த வாரம் போகலாம் என்று இவர் சொன்னதிலிருந்து சின்னவனைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் வாட்டர் ஷூ வாங்கணும் என்றேன். அத்தை சிரித்துவிட்டார்கள். “அருவியில செருப்பு போட்டா குளிப்பாக? நல்லாருக்கு கூத்து!”

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் தாளில் நிற்கவைத்து இரண்டு காலையும் வரைந்தேன். பொழுது சாயும்போது கால் சற்று உப்பியிருக்கும். அந்த அளவுதான் சரி. சின்னவனுக்கு வலது கால் கொஞ்சம் நீளம். பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும்.

ஜூன் 14, சனி

சங்கரன்கோவில் கடைத்தெரு. முதல் கடையில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் செருப்பை எடுத்து வைத்து, “ஒரு சைஸ் பெருசா எடுங்கக்கா, அடுத்த வருசத்துக்கும் ஆகும்” என்றார். பள்ளிக்கூட ஷூவுக்கு அது சரி. தண்ணீருக்குள் தொளதொள செருப்பைவிட வெறுங்கால் மேல். ஓடுகிற தண்ணீர் குதிகாலில் புகுந்து கழற்றிக்கொண்டு போய்விடும், பிள்ளை அதைப் பிடிக்கப் பாயும்.

இன்னொரு கடையில் மகளுக்கு அமைந்தது. வலைத்துணி மேல்பாகம், இழுபடும் கழுத்து, அடியில் தண்ணீர் வடியத் துளைகள். பெருவிரலுக்கு முன்னால் ரப்பர் காப்பு. ஷூவை மடக்கினேன்: விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கியது, நடுவில் இல்லை. அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கடினமாக இருந்தால் ஈரக் கல்லில் வழுக்கும். மெத்தென்ற ரப்பரில் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருந்தால் பிடிக்கும். உள்தையல் உரசுகிறதா என்று கைவிட்டும் பார்த்தாயிற்று. சின்னவன் அளவுக்கு இல்லை. வரைந்த தாளைப் போட்டோ எடுத்துத் திருநெல்வேலித் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

தம்பி வாங்கி அனுப்பியது வந்தது. துவைக்கிற கல்லில் தண்ணீர் ஊற்றி நடக்கவிட்டேன். சரி.

ஜூன் 22, ஞாயிறு

பேரருவியில் நிற்க இடமில்லை. சின்னதுகளுக்குப் புலியருவிதான் லாயக்கு. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எப்போதோ தடை போட்டாயிற்று. ஷாம்பு பாக்கெட் இன்னும் காலில் மிதிபடுகிறது. பாட்டில் சில்லும் கிடந்தது. அதைக் கண்ட பிறகு அத்தை ஷூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் விழுகிற இடத்தில், “கால் கல்லுல படட்டும்ளா” என்றார்கள். அங்கே தரை சுத்தம். பிள்ளைகள் ஷூவைக் கழற்றிவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சைப் பாசியில் எந்த ஷூவும் முழுசாகப் பிடிக்காது என்பதும் தெரிந்தது. வெள்ளத்துக்கு அது காவலும் இல்லை. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த தண்ணீர் 17 வயதுப் பையனைக் கொண்டுபோய்விட்டது. போலீஸ்காரர் கரையேறச் சொன்னால் கேள்வி கேட்காமல் ஏறவேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவைத்திருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

உள்தகட்டை உருவி, மணலைத் தட்டி, நல்ல தண்ணீரில் அலசினேன். வெந்நீரும் மிஷினும் ஆகாது, ஒட்டு விட்டுப்போகும். மகள் மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். எடுத்து நிழலில் சாய்த்து, உள்ளே பேப்பரைத் திணித்தேன். ஈரப் பேப்பரை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் நாற்றம். சின்னவனுக்குக் குதிகாலில் லேசான சிவப்பு, மணல் உரசியது. அடுத்த முறை நடுவில் ஒருதரம் கழற்றி உதறணும்.

ஜூலை 6, ஞாயிறு

ஆடி அமாவாசைக்கு நாத்தனார் வீட்டில் காரையாறு போகிறார்களாம். சின்னவன் ஷூவை அவள் பையனுக்குக் கேட்டாள். அவனுக்கு நிச்சயம் பெருசு. கொடுக்கவில்லை. தாளில் கால் வரைந்து அனுப்பு, தம்பியிடம் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவளுக்கு.