கடுகளவு துரு

கார் வாங்கிய முதல் வாரத்தில் விழும் கீறல் உரிமையாளரின் நெஞ்சில் விழுகிறது. இருபதாவது ஆண்டில் விழும் கீறல் கார் மீது மட்டும்தான் விழுகிறது. துருவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

நவி மும்பையின் வாஷியில், தானே கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் 2004ஆம் ஆண்டு மாருதி 800 நிற்கிறது. வெள்ளை நிறம். உரிமையாளர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். நெடுஞ்சாலையில் தெறித்த சரளைக் கற்கள் பானெட்டின் முனையில் ஏழெட்டு இடங்களில் பெயின்ட்டைப் பெயர்த்திருந்தன. ஒவ்வொன்றும் கடுகளவு, மிஞ்சினால் மிளகளவு. ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தால் பானெட் முழுவதற்கும் பெயின்ட் அடிக்கத்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஸ்ப்ரே அடித்தால் ஓரம் தெரியாமல் இருக்க முழுப் பகுதியையும் அடித்தாக வேண்டும். அந்தத் தொகைக்கு அவருடைய காரில் பாதியை வாங்கிவிடலாம். எனவே சின்ன பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

ஒரு காரின் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்று பலர் யோசிப்பதில்லை. பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரண வெள்ளைத்தாள் ஒன்றின் கனம். அது பெயர்ந்த இடத்தில் ஈரமும் காற்றும் இரும்பைத் தொடுகின்றன. கடலோரக் காற்றின் உப்பு சேர்ந்தால் வேகம் கூடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அக்கம்பக்கத்து பெயின்ட்டை அடியிலிருந்து நெம்பித் தூக்கும். மேலே தெரிவது கடுகு என்றால் கீழே ஒரு நாலணா அளவுக்குப் பரவியிருக்கலாம்.

அவர் தேர்ந்தெடுத்தது மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈரக்காற்றில் பூசினால் பெயின்ட் பளபளப்பு இழந்து வெளிறிப்போகும். சுடும் வெயிலில் பூசினாலோ மேல் ஏடு மட்டும் காய்ந்துவிடும். காரைக் கழுவித் துடைத்து, பழைய பாலிஷின் பிசுக்கு போக ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார். துருவை உப்புத்தாளின் சிறு துணுக்கால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டினார். மூலையில் ஒளிந்திருந்த மிச்சத்தின் மேல் துருவைக் கருப்பாக மாற்றி அடக்கும் திரவம் ஒரு துளி. பிறகு பிரைமர். அதன் பிறகுதான் நிறம்.

பாட்டில் மூடியோடு வரும் தூரிகை இந்த வேலைக்குத் தடிமன். பல்குச்சியின் நுனி போதும். நிறையத் தொட்டு ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பிவிடலாம் என்ற ஆசைதான் காரியத்தைக் கெடுக்கும். மெல்லிய பூச்சு, அரை மணி நேரம் காத்திருப்பு, மறுபடி மெல்லிய பூச்சு. காயக் காயப் பெயின்ட் சுருங்கும் என்பதால் கடைசிப் பூச்சு ஒரு மயிரிழை மேலெழும்பி நிற்கலாம். மெட்டாலிக் நிறமென்றால் நிறமற்ற கிளியர் கோட்டும் வேண்டும். சில நாள் கழித்து, நீரில் ஊறிய 2000 எண் வாட்டர் பேப்பரால் அந்த மேட்டை மட்டும் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்ற வேண்டும். ஒரு மாதத்துக்கு மெழுகு பாலிஷ் கூடாது.

நிறத்தின் எண் பல கார்களில் பானெட்டுக்கு அடியிலோ கதவோரத்திலோ இருக்கும். எண் சரியாக இருந்தும் நிறம் ஒட்டவில்லை. பாட்டிலில் இருந்தது 2004இன் வெள்ளை. காரில் இருந்தது அதற்குப் பிறகு இருபது கோடைகளைப் பார்த்த வெள்ளை. பக்கத்தில் போனால் புள்ளிகள் தெரிகின்றன. மூன்றடி தள்ளி நின்றால் தெரியவில்லை.

பூச்சு வேலைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாடி வீட்டு இளைஞர் கார் ஓட்டப் பழக அந்த 800ஐக் கேட்டிருந்தார். விலைகூடப் பேசியாகிவிட்டது. பானெட் முடிந்த தெம்பில் அவர் கதவுக்குக் கீழே உள்ள விளிம்புக்குப் போனார். அங்கே பெயின்ட் கொப்புளித்திருந்தது. ஒரு காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. எப்போதோ ஓர் ஒர்க்‌ஷாப் ஓட்டையை வெட்டியெடுத்துத் தகடு வைக்காமல் பட்டி பூசி மறைத்திருந்தது. பட்டியில் காந்தம் பிடிக்காது. நகத்தால் நெருடியதும் உதிர்ந்தது. உள்ளே சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

பாட்டிலில் பெயின்ட் மிச்சமிருந்தது. பட்டி கடையில் கிடைக்கும். மறுபடி மூடினால் அடுத்த மழைக்காலம்வரை யாருக்கும் தெரியாது. தெரிய வரும்போது கார் அவருடையதாக இருக்காது. அந்த விளிம்பு வெறும் அலங்காரமல்ல, வண்டியின் உடம்பைத் தாங்கும் பகுதி. மோதலின்போது உள்ளே இருப்பவரைக் காப்பதில் அதற்கும் பங்குண்டு. மேலே உட்காரப்போவது ஓட்டப் பழகும் பையன்.

அன்று மாலை இளைஞரையும் அவருடைய அப்பாவையும் கீழே அழைத்து ஓட்டையைக் காட்டினார். “பரவாயில்லை அங்கிள்” என்றார் பையன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்று தகவல் வந்தது.

துரு யாருக்கும் சலுகை தருவதில்லை. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி சாவி கொடுத்த முதல் மாருதி 800 தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்குக்குப் போயிற்று. 2010இல் அவர் இறந்த பிறகு அந்தச் சரித்திரப் புகழ் பெற்ற கார் வீட்டுக்கு வெளியே துருப்பிடித்துக் கிடந்தது. பிறகுதான் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தார்கள். மற்ற 800களுக்கு அந்த யோகம் இல்லை. அவற்றின் தயாரிப்பும் 2014 ஜனவரியில் நின்றுவிட்டது.

வாஷி கார் வெல்டரிடம் போயிற்று. அழுகியதை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையில் கணிசமான பங்கு அதிலேயே போய்விட்டது. வீட்டில் இதைப் பற்றிச் சிறு சண்டையும் நடந்தது.

காந்தம் இப்போது காரின் டாஷ்போர்டு அறையில் இருக்கிறது. பாட்டிலின் மூடியில், திறந்த தேதியை அவர் எழுதி ஒட்டியிருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டில் பெயின்ட் கெட்டியாகிவிடும். அதற்குள் கற்கள் நிறையத் தெறிக்கும்.