திரும்பி வருதலும் யாத்திரையே

கயிலைநாதனைக் கண்ணாரக் காண வேண்டும் என்னும் வேட்கை, அறுபது வயதைக் கடந்த அடியவர் பலரின் உள்ளத்தில் அணையாமல் எரியும் விளக்காகும். பிள்ளைகளுக்கு மணம் முடித்து, கடன்களைத் தீர்த்து, பணி ஓய்வும் பெற்ற பிறகே பெரும்பாலோருக்கு அதற்கான பொழுதும் பொருளும் கைகூடுகின்றன. அதற்குள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முழங்கால் வலியும் உடன்பிறந்தார் போல் வந்து சேர்ந்துவிடுகின்றன. 'அவன் அழைத்தான், அவனே பார்த்துக்கொள்வான்' என்று புறப்படுவது பக்திதான். அவன் அளித்த உடலை அம்மலைக்கு ஏற்ப ஆயத்தம் செய்வதும் அந்தப் பக்தியின் ஓர் அங்கமே.

தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். கேதாரநாதர் ஆலயமோ 3,583 மீட்டரில் உள்ளது. வைணவப் பெரியோர் நாடிச் செல்லும் முக்திநாதம் 3,700 மீட்டருக்கும் மேல். மானசரோவர் ஏரி சுமார் 4,590 மீட்டரிலும், கயிலையை வலம் வருவோர் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேலும் உள்ளன. பழனிப் படிகளையும் திருவண்ணாமலை கிரிவலத்தையும் எளிதாக முடித்தவரின் உடலும் இத்தகைய உயரத்தை ஒருநாளும் அறிந்ததில்லை.

காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பாதியளவே. இக்குறையை ஈடுசெய்ய மூச்சு விரைகிறது. இதயமும் விரைந்து துடிக்கிறது. உடல் இந்நிலைக்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். அந்த நாட்களைத் தராமல் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். இதில் ஒரு வியப்பு உண்டு. வலிமையான இளைஞரை இது தாக்கும். மெலிந்த முதியவரை விட்டுவிடும். நன்றாக நடப்பவர் விரைந்து ஏறிவிடுவதால் அவருக்கே ஆபத்து மிகுதியாவதும் உண்டு.

ஆகவே மலையேறுவோர் போற்றும் முதல் நெறி பொறுமை. 3,000 மீட்டரைக் கடந்த பின், ஓர் இரவு உறங்கும் இடத்தைவிட மறு இரவு உறங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருத்தல் ஆகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கி இளைப்பாற வேண்டும். நேபாளத்திலிருந்து வாகனத்தில் செல்வோர், சுமார் 2,800 மீட்டரில் உள்ள கேருங்கிலிருந்து 4,500 மீட்டர் அளவிலுள்ள சாகாவுக்கு ஒரே பகலில் சென்றுவிட முடியும். கால் நோகாத பயணம் என்பதால் உடலும் நோகாது என்று எண்ணுவது பிழை. பயண நிறுவனத்திடம் பணம் கட்டுமுன், உணவு வசதியைக் கேட்பதற்கு முன்பாக, தங்கி இளைப்பாறும் நாட்கள் எத்தனை என்று கேட்டறிவது நலம்.

வீட்டிலிருந்தே செய்யத்தக்கவையும் உள. மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே நாள்தோறும் நடக்கத் தொடங்கி, பிறகு படிகளும் ஏறிப் பழகலாம். இது கால்களுக்கும் இதயத்துக்கும் வலுவூட்டும். உயரத்துக்குப் பழகுவது மட்டும் மலையில்தான் நிகழும். இதய நிலை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டி, பயணத்தின் உயரங்களையும் அவரிடம் கூற வேண்டும். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை அவர் சொன்னால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். இன்சுலின் குளிரில் உறைந்தால் பயனற்றுப்போகும். ஆதலின் அதனை உடையினுள் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஏகாதசியாயினும் பிரதோஷமாயினும், அவ்வுயரத்தில் பட்டினி நோன்பு வேண்டாம். வெந்நீரும் கஞ்சியும் அங்கே பிரசாதமே. தூக்க மாத்திரையைத் தாமாக உட்கொள்வது கூடவே கூடாது.

இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்க்கே இடம் உண்டு. தில்லியிலும் வழியிலும் மருத்துவப் பரிசோதனை நடைபெறும். தேறாதவர் திரும்ப வேண்டியதுதான். அதற்கு அஞ்சி நோயை மறைப்பவரும் உளர். அவர்கள் ஏமாற்றுவது மருத்துவரை அன்று.

கயிலையை வலம் வந்த ஒரு தம்பதியர் முதல் நாள் முடிவில் டிராபுக்கை அடைந்தனர். அங்கே கயிலையின் வடமுகம் முழுமையாகத் தெரியும். இரவெல்லாம் கணவருக்குத் தலைவலி. விடியலில் எழுந்து நடந்தபோது கால்கள் தள்ளாடின. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. யாரிடமும் சொல்லாதே" என்றார் அவர். "நீங்க இல்லாத வீட்டுக்குக் கயிலாயத் தீர்த்தத்தை நான் எடுத்துப்போய் என்னங்க செய்யட்டும்?" என்று கேட்ட மனைவி, உடனே வழிகாட்டியிடம் கூறிவிட்டார். நடை தள்ளாடுவதும், அறிவு மயங்குவதும், ஓய்ந்து அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் உயிருக்கு ஊறு வருவதன் அறிகுறிகள். பிராணவாயு உருளை சற்று நேரம் உதவும். தாமதமின்றிக் கீழே இறங்குவதே உண்மையான மருந்து. அவரைத் தார்ச்சென் வழியாகச் சுமார் 3,900 மீட்டரில் உள்ள தக்லகோட்டுக்கு இறக்கினர். மறுநாள் அவர் தெளிந்தார். டோல்மாவைக் கடக்கவில்லையே என்ற ஏக்கம் இருவருக்கும் இருந்தது. ஆனால் இருவரும் சேர்ந்தே இல்லம் திரும்பினர்.

இத்தகையோர் திருநாவுக்கரசரை நினைத்தல் தகும். கயிலையை நாடிப் புறப்பட்ட அப்பெருமான், பாதங்கள் தேயக் கைகளால் தவழ்ந்தும், மார்பால் ஊர்ந்தும், புரண்டும் சென்றதைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் உரைக்கிறார். முனிவர் வேடத்தில் வந்த இறைவன் தடுத்தும் அவர் மீளச் சம்மதிக்கவில்லை. அந்த உறுதிக்கு நிகர் ஏது? ஆயினும் இறைவன் அவரை மேலே ஏற்றவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழுந்திடப் பணித்து, அங்கே தன் கயிலைக் கோலத்தைக் காட்டியருளினான். ஆடி அமாவாசைதோறும் ஐயாறப்பர் ஆலயத்தில் அந்தக் காட்சி விழாவாக நிகழ்கிறது.

அப்பரையே வழியிலிருந்து திருப்பியவன் அவன். உடல் நலிந்து பாதியில் திரும்பும் அடியவரை அவன் கைவிட்டான் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. முறையாக ஆயத்தம் செய்து, மெல்ல ஏறி, இறங்கு என்று உடல் உரைக்கும்போது அதையே அவன் ஆணையாக ஏற்று இறங்குவோர்க்கு, கண்ட அளவே கயிலை. சென்ற தூரமே யாத்திரை. எஞ்சியதை ஐயாறப்பன் திருமுன்னர் நின்று நிறைவு செய்துகொள்ளலாம்.