அப்பாவுக்கு வந்த அழைப்பு

தில்லை நகர் பத்தாவது கிராஸ். ஜெராக்ஸ் கடை ஸ்டூல்ல உட்கார்ந்து டைப் பண்றேன்.

ஜெர்மனிக்கு பிசினஸ் விசா. துவாக்குடியில வெல்டிங் பட்டறை வச்சிருக்கறவனை அஞ்சு நாள் வந்து பாருங்கன்னு ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கு. ஷெங்கன் விசா கிடைச்சா 29 நாட்டுக்குள்ள போலாமாம். எனக்கு ஒண்ணே போதும்.

மூணு வருஷ ஐடி ரிட்டர்ன்.
பேங்க் ஸ்டேட்மென்ட்.
30,000 யூரோவுக்குக் குறையாம மெடிக்கல் இன்சூரன்ஸ். (என்னை முழுசா வித்தாலும் அவ்ளோ தேறாது.)
35க்கு 45 மில்லிமீட்டர்ல சிரிக்காத போட்டோ.
90 யூரோ ஃபீஸ். விசா குடுக்கலைன்னாலும் திரும்பி வராது.

எல்லாம் ரெடி. கடைசியா அழைப்புக் கடிதத்தை பிரின்ட் எடுத்தா,
'அன்புள்ள மிஸ்டர்'. அதுக்கப்புறம் எங்கப்பா பேரு!

பாஸ்போர்ட்ல குடும்பப் பேர்னு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பேரு? அன்னிக்கு இனிஷியலை விரிச்சு எழுதிட்டு வந்துட்டேன்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அம்மா மண்டபத்துலதான் அஸ்தியைக் கரைச்சோம். கொள்ளிடம் பாலம் தாண்டினாலே 'வெளியூர்'ம்பார்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி எட்டிப் பார்த்து, "இவரு யாருண்ணே, உங்க முதலாளியா?"ங்கறான்.
"ஆமா"ன்னுட்டேன்.

நாளை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். சென்னையில கைரேகை வைக்கணும். அங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் எழுந்துக்கணும்.

இனிஷியல்காரங்க யாராவது இப்படி மாட்டியிருக்கீங்களா? கடிதத்தை மாத்தி வாங்கணுமா, இல்ல அப்பாவும் ஒரு தடவை ஜெர்மனி பார்த்துட்டு வரட்டும்னு விட்டுடலாமா?