காடாத் துணியில் ஒரு கோடை

காலை எட்டரை மணிக்கே தில்லியின் ஜூன் வெயில் கன்னத்தில் அறைகிறது. ஹௌஸ் காஸ் மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வரும் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிகிறார்கள். முதுகில் செங்கல் கனத்துக்குப் புத்தகப் பை சுமப்பவர்கள் காலு சராய் பக்கம் திரும்புகிறார்கள். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களுக்குப் பேர்போன பேட்டை அது. நீண்ட ஸ்கேலும் சுருட்டிய சார்ட் காகிதமுமாக ஏழெட்டுப் பேர் மட்டும் எதிர்ப்பக்கம் போகிறார்கள். அந்த ஏழெட்டில் ஒருத்தி என் அண்ணன் மகள்.

அண்ணன் மத்திய அரசு ஊழியர். ஆர்.கே.புரத்தில், மலை மந்திரின் மணியோசை கேட்கும் தூரத்தில் வீடு. பிளஸ் டூ போகப்போகும் மகளுக்குப் பயிற்சி மையத்தில் பணம் கட்டியாகிவிட்டது. அவளோ பள்ளி மாணவர்களுக்கான மூன்று வார ஃபேஷன் டிசைன் வகுப்புக்குப் போயே தீருவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். காலையில் ஃபேஷன், மாலையில் பிசிக்ஸ் என்று சமரசம் ஆயிற்று. "தையற்காரி ஆகறதுக்கா இத்தனை ஃபீஸ்?" என்று அண்ணன் முனகியது அவள் காதில் விழாமல் இல்லை. சென்னையிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்த என் தலையில், துணைக்குப் போகும் வேலை விழுந்தது.

ஹௌஸ் என்றால் நீர்த்தேக்கம், காஸ் என்றால் அரசருக்கு உரியது. அலாவுதீன் கில்ஜி 1300-ஐ ஒட்டித் தன் புது நகரமான சிரிக்குத் தண்ணீர் தர வெட்டிய குளம் இது. அரை நூற்றாண்டு கழித்து ஃபிரோஸ் ஷா துக்ளக் அதைத் தூர்வாரி, கரையில் ஒரு மதரஸாவும் கட்டினார். அந்தக் கல் மாடங்களில் இப்போது காதலர்களும் புறாக்களும். பக்கத்துக் கிராமத்தின் சந்துகளில் 1980-களின் பிற்பகுதியில் பொட்டிக் கடைகள் முளைத்தன. ஏறக்குறைய அதே சமயம், 1986-இல், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனமான நிஃப்ட் தொடங்கியது. அதன் ஹௌஸ் காஸ் வளாகத்தை வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி, பின்னாளில் 2018-இல் பிரிட்ஸ்கர் விருது பெற்றவர். கட்டடத்தின் நடுவே படிக்கிணறு போல் இறங்கும் படிகள். நிஃப்டில் படித்து வெளியே வந்தவர்களில் ரிது பேரி 2002-இல் பாரிஸின் ஷெரர் நிறுவனத்துக்கும், மனீஷ் அரோரா 2011-இல் பாகோ ரபானுக்கும் உடை வடிவமைக்கப் போனார்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்களும் மனப்பாடம். நிஃப்டில் படித்தவர்களில் பலருக்கும் வேலை ஏற்றுமதி நிறுவனங்களில்தான், நொய்டாவிலோ நம் திருப்பூரிலோ என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இந்தக் கோடை வகுப்பு நிஃப்டில் அல்ல, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு தனியார் நிறுவனத்தில். வராந்தாவில் வெந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து இரக்கப்பட்டுக் கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகள், அவர்களில் பையன்கள் மூன்று பேர். முதல் மூன்று நாளும் ஓவியம். சாதாரண மனித உடம்பு அதன் தலையைப் போல் ஏழரை மடங்கு உயரம் இருக்கும். ஃபேஷன் ஓவியத்துப் பெண்ணோ ஒன்பது, பத்துத் தலை உயரம். கூடுதல் உயரம் பெரும்பாலும் காலுக்கே போகிறது. அவளுக்குக் கோணிப்பையை மாட்டினாலும் அழகாகத்தான் இருக்கும்.

நான்காம் நாள் ஆசிரியை ஓவியத் தாளை மூடச் சொல்லிவிட்டு ஆளுக்கு இரண்டு மீட்டர் காடாத் துணியை நீட்டினார். பிள்ளைகளின் முகம் அங்கேதான் மாறியது. துணிக்குத் திசை உண்டு. பாவு நூல் மேலிருந்து கீழாக இறங்கினால் உடை நேராக விழும். மூலைவாக்கில், நம்மூர் டெய்லர் 'கிராஸ்' என்பாரே, அப்படி வெட்டினால் இழுத்த இழுப்புக்கு வளையும். தட்டையான துணியை வளைவுள்ள உடம்பில் உட்கார வைக்க எங்கே டார்ட் பிடிப்பது, தையலுக்கு எவ்வளவு விடுவது? அந்த அரை அங்குலத்தை மறந்துவிட்டு வெட்டினாள் எங்கள் வீட்டுப் பெண். தைத்த சட்டை அவளுக்குப் போதவில்லை. அடுத்ததில் கைக்குழி சரியாக அமையவில்லை. மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினால் சட்டை முழுதும் கூடவே ஏறியது.

அப்போதுதான் மாஸ்டர்ஜி வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், காதில் பென்சில். பாடம் எடுப்பவர் அல்ல. மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர். துணியை நாலாக மடித்து, காகித அச்சு எதுவும் இல்லாமல், சாக்கால் ஒரு வளைவு போட்டு வெட்டினார். விரித்ததும் கைக்குழி இருந்தது. அன்றிலிருந்து சந்தேகம் என்றால் பிள்ளைகள் நேராக அவரிடம்தான் ஓடினார்கள். நிறுவனத்தின் விளம்பரத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். ஆசிரியர்கள் மூவர் சிரிக்கிறார்கள். மாஸ்டர்ஜி இல்லை.

இரண்டாம் வாரம் ஊர் சுற்றல். ஹௌஸ் காஸில் மஞ்சள் வழித்தட ரயில் ஏறினால் மாறாமல் சாந்தினி சௌக்கில் இறங்கலாம். தரீபா கலான் வழியாகப் போய் நுழையும் கினாரி பஜார் என்ற சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டும். ஜரிகை, கோட்டா, சமிக்கி, லேஸ், கல்யாண மாப்பிள்ளைக்கு ரூபாய் நோட்டு மாலை. ஒரு கிழவர் ஜரிகை பார்டரை எடுத்துக் காட்டும் முன் "எந்தத் துணிக்கு?" என்று கேட்டார். ஜார்ஜெட் என்றதும் கொடுக்க மறுத்துவிட்டார். கனம் தாங்காது, துணி தொங்கிப்போகும் என்றார். ஒரு மணி நேரப் பாடம், கட்டணம் இல்லை.

ஷாபூர் ஜாட் வேறு மாதிரி. அலாவுதீனின் பழைய சிரிக்குள்ளேயே ஒடுங்கியிருக்கும் கிராமம். அந்தக் குளத்துத் தண்ணீர் வந்து சேர்ந்த இடம். தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கல்யாண உடைக் கடைகள், குளிர்சாதனம். செங்குத்தான படியேறினால் மேல்மாடியில் சர்தோசி வேலை. மரச்சட்டத்தில் முரசுத் தோல் போல இழுத்துக் கட்டிய துணி. அட்டா என்று பெயர். இரு பக்கமும் தரையில் உட்கார்ந்த ஆண்கள். கையில், தமிழ்நாட்டுக் கல்யாண ரவிக்கைகளில் இன்று சக்கைப்போடு போடும் அதே ஆரி ஊசி. டிரேசிங் தாளில் வரைந்த கொடியை ஊசியால் குத்தித் துளையிட்டு, மண்ணெண்ணெயில் கரைத்த பொடியை மேலே தேய்க்கிறார்கள். நம் கோல அச்சு போலத்தான், கொடி துணியில் இறங்கிவிடுகிறது.

அட்டாவின் ஓரத்தில் ஒரு பையன். மீசை இன்னும் அரும்பவில்லை. பீகார் பக்கம் என்றான். வயது கேட்டேன். "பதினெட்டு" என்று, கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. அண்ணன் மகள் குனிந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நோட்டில் வரைந்திருந்த மயிலைக் காட்டினாள். அவன் ஒரு நொடி பார்த்துவிட்டு, கழுத்து வளைவு இவ்வளவு நெருக்கமாக இருந்தால் நூல் திரும்பாது என்று விரலால் வேறு வளைவு போட்டுக் காட்டினான். அவள் அழித்துவிட்டு அதையே வரைந்தாள். இறங்கும்போது, "சித்தப்பா, கீழே கடையில தொங்குற லெஹங்காவுல யார் பேர் இருக்கும்?" என்றாள். அவளுக்கே தெரியும். நான் பதில் சொல்லவில்லை.

அன்று ரயிலில் நான் வேறொன்று சொன்னேன். கும்பகோணத்தில் அவளுடைய பாட்டி ஒரு பழைய மெஷினில் தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். ஒரு ரவிக்கைக்கு இரண்டு ரூபாய் என்று சேர்த்துத்தான் அவள் அப்பா பட்டப்படிப்பு முடித்தார். அவளுக்கு இது தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. மாம்பழ வாசனை வீசிய அந்தப் பெட்டியில் ஆர்.கே.புரம் வரும்வரை அவள் பேசவே இல்லை.

கடைசி நாள் பிள்ளைகள் தாங்கள் தைத்ததைத் தாங்களே அணிந்து வரிசையாக நடந்தார்கள். அண்ணன் வரவில்லை, அலுவலகத்தில் ஆடிட். இரவு, சாப்பாட்டு மேஜையில் காடாத் துணிச் சட்டை கிடந்தது. வலது கை இன்னும் லேசாகப் பிடித்தது. அண்ணன் கை கழுவிவிட்டு வந்து அதை எடுத்தார். உள்பக்கம் திருப்பினார். கைக்குழி ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டினார்.

"இங்க அரை இன்ச் இறக்கணும்" என்றார். "பாட்டி எப்பவும் பின்பக்கத்தைவிட முன்பக்கத்தைக் கொஞ்சம் ஆழமா வெட்டுவா."

பிளேடு எங்கே இருக்கிறது என்று கேட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையலைப் பிரிக்க உட்கார்ந்தார்.